சுனாமி நகரில் ஓர் அறை

மகள் சத்யப்பிரியா வளைகாப்பு முடிந்து தாய்வீடு வருவதற்குள் ஓர் அறை கட்டிவிட வேண்டும் என்று மகேஸ்வரி நினைத்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டில் போட்டு, பக்கத்தில் தூளி கட்ட இடமிருந்தால் போதும். மேலேயிருந்து எதுவும் தலையில் விழக்கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை.

செம்மேட்டுக்குப்பம் சுனாமி நகரில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு கூடம், ஓர் உள்ளறை, அடுப்படி. கட்டிக் கொடுத்தபோது வெள்ளையடித்துப் பளிச்சென்றுதான் இருந்தன. உப்பங்கழிக்காற்று சும்மா விடுமா? சில வருஷத்திலேயே சுவர் பொரிந்தது. அப்புறம் மேல்தளத்துக்குள் கம்பி துருப்பிடித்து ஊதி, காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. எல்லா வீட்டிலும் மேல்தளத்துக்குக் கீழே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். விழுவது அதில் விழும். வாரத்துக்கு ஒருமுறை மகேஸ்வரியின் கணவன் பாண்டியன் ஸ்டூல் போட்டு ஏறி, தார்ப்பாயில் சேர்ந்த சிமெண்ட் துண்டுகளை வாளியில் அள்ளி வெளியே கொட்டுவான்.

சுனாமி அலை வந்தபோது சத்யப்பிரியா இடுப்புக் குழந்தை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அவர்கள் வீடு அன்றைக்கே போய்விட்டது. பாண்டியனின் தம்பியும் போய்விட்டான். அப்புறம் அதிகாரிகள் வந்தார்கள். கரையில் இனி யாரும் குடியிருக்க வேண்டாம், உள்ளே தள்ளி வீடு கட்டித் தருகிறோம், ஆனால் கரை மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். கடலைப் பார்த்தாலே உடம்பு உதறிய நாட்கள் அவை. ஊரே வரிசையில் நின்று கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டுக் கொடுத்தது. அந்த மண் பொதுவாகவே இருக்கும், படகு ஏற்றலாம், வலை காயவைக்கலாம் என்று அப்போது சொன்னார்கள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அறை எடுக்கலாம் என்று பாண்டியனும் ஒத்துக்கொண்டான். கொத்தனாரைக்கூட வரச் சொல்லிப் பார்த்தாயிற்று. "மொதல்ல பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்குங்கக்கா. இப்பல்லாம் பர்மிஷன் இல்லாம கைவெச்சா தொல்ல" என்று அவர்தான் சொன்னார்.

ஊராட்சிச் செயலர் செந்தமிழ்செல்வன் நல்ல மனிதர். மகேஸ்வரி மீன் கூடையோடு போகும்போது பார்த்தால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கலர் கலராக ஏதோ படம்.

"இது கடலோரத்துக்கான புது வரைபடம்க்கா. இந்தா, நீலமா தெரியுது பாருங்க, அது உப்பங்கழி. அதுக்கு இந்தாண்ட செவப்புக் கோடு போட்டிருக்கு இல்ல? கோட்டுக்குள்ள வர்றது வெள்ள அபாயப் பகுதி. உங்க சுனாமி நகர் மொத்தமும் அதுலதான் வருது."

"வரட்டுமே. நாங்க ஒரு ரூம்புதான கட்டப் போறோம்?"

"அங்க புதுசா ஒரு செங்கல் வெக்க முடியாதுக்கா. இருக்கறத ரிப்பேர் பாத்துக்கலாம். கூடுதலா கட்டினா நான் நோட்டீஸ் ஒட்டணும்."

"ரிப்பேர் பாக்கறதுக்கு அதுல இன்னா இருக்கு? கம்பியே கையோட வருது தம்பி."

அவர் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினார்.

"எங்கள இங்க கொண்டாந்து வெச்சது யாரு? நாங்களா வந்தோம்? கடலு வேணாம், இங்கதான் பத்திரம்னு சொன்னது சர்க்கார்தான?"

"சர்க்கார்தான்க்கா. இப்ப பத்திரம் இல்லன்னு சொல்றதும் சர்க்கார்தான்."

அவள் எழுந்திருக்கப் போனவள், என்ன தோன்றிற்றோ, திரும்பக் கேட்டாள். "நாங்க முன்ன இருந்த எடம் இதுல எங்க தம்பி இருக்குது?"

செந்தமிழ்செல்வன் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். கடலோரத்தில் நீளமாக ஒரு மஞ்சள் பட்டை. அதில் குப்பத்தின் பெயரே இல்லை. "சுற்றுலா மேம்பாட்டுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க. பூங்கா, தங்கறதுக்குக் குடிலு, அந்த மாதிரி." பிறகு மெதுவாகச் சொன்னார். "இன்னும் முடிவாகல. கடலூர்ல கருத்துக் கேட்புக் கூட்டம் வெக்கப் போறாங்க. எல்லாரும் வந்து சொல்லுங்க. சொன்னாத்தான் தெரியும்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் கிளம்பிற்று. ஊர்த்தலைவர் தாண்டவராயன் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகவில்லை. வேன் வைத்து, கொள்ளாத கூட்டத்துக்கு மீன் ஏற்றும் மினி லாரியும் வைத்து, கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய் இறங்கினார்கள். வாசலில் யாருடைய திருமணத்துக்கோ கட்டிய வாழைமரம் இன்னும் வாடாமல் நின்றது. காகிதக் கோப்பையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். "கல்யாணத்துக்கு வந்தாப்புல இருக்குது, மாப்ள பொண்ணத்தான் காணோம்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அன்றைக்கு அவர்கள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

மேடையில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பேசியவர் தமிழில்தான் பேசினார். ஆனால் உயர் அலைக்கோடு, அபாயக்கோடு, வளர்ச்சி தடைசெய்யப்பட்ட மண்டலம் என்று அவர் சொல்லச் சொல்ல, கூட்டம் கோவிலில் மந்திரம் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தது. தாண்டவராயன் எழுந்து ஏதோ ஆரம்பித்தார், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ மைக்கை மகேஸ்வரி கையில் திணித்துவிட்டார்கள்.

அவளுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. வாயருகே வைத்ததும் அது கீச்சென்று கத்தியது. தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். கரையில இருக்காதீங்கன்னு சொன்னீங்க, வந்துட்டோம். இப்ப வந்த எடத்துலயும் இருக்கக் கூடாதுன்னா, நாங்க எங்க இருக்கறது? அதுக்கு இந்தப் படத்துல இன்னா கலரு போட்டிருக்கீங்க? அதக் காட்டுங்க, நாங்க போயிடறோம்."

கைதட்டல் எழுந்தது. மேடையில் நடுவில் இருந்த அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் மகேஸ்வரிக்குத் தோன்றியது. அவர் கனிவாகவே பேசினார். "அம்மா கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. உங்க பாதுகாப்புக்குத்தான் இதெல்லாம். குறிஞ்சிப்பாடி போற வழியில அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி முடிச்சிருக்கோம். லிப்ட் வசதிகூட வரப்போகுது. உங்க ஊருக்கு அதுல முன்னுரிமை கொடுக்கச் சொல்றேன்."

"அங்கேருந்து கடலு எம்மாந் தூரம்?" என்று பின்னாலிருந்து பாண்டியன் கத்தினான்.

அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். "உங்க கருத்து எல்லாம் பதிவு பண்ணியாச்சு. நன்றி" என்றார். அடுத்து ஒரு கம்பெனி ஆள் பேச எழுந்தார்.

திரும்பி வரும்போது லாரியில் பாண்டியன் ஓரமாக நின்று காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "நான் கரையில கொட்டா போடப் போறேன்."

"மாமா, ஒனக்கு இன்னா பைத்தியமா? எழுதிக் குடுத்தாச்சு அத."

"தங்கறதுக்குக் குடிலு கட்டப் போறாங்களாம் இல்ல? யாருக்கோ குடிலு கட்டலாம், நான் கட்டக் கூடாதா? எம் பொண்ணு அங்க வந்து இருக்கட்டும். காத்தோட்டமா இருக்கும். மேல விழுந்தாலும் தென்னங்கீத்துதான விழும்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் மகேஸ்வரி தலைக்கு மேலிருந்த தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள்.

சவுக்குக் கழி நட்டு, கீற்று வேய்ந்து, தரையில் மண் கொட்டி மெழுகி, பழைய மனை இருந்த இடத்திலேயே கொட்டகை எழுந்தது. பாண்டியனுக்கு இவ்வளவு உற்சாகம் வந்து மகேஸ்வரி பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கே அரைநாள் யோசித்தான். கடலைப் பார்க்க வைத்தால் குழந்தைக்குக் குளிர்காற்று ஆகாது என்று தெற்கே வைத்தான். அவனைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் பக்கத்தில் கழி நட்டன. மாலையில் பெண்கள் அங்கே போய் உட்கார்ந்து மீன் ஆய்ந்தார்கள். மகேஸ்வரிகூட ஒருநாள், இது நிலைத்துவிடுமோ என்று கொஞ்சம் நம்பினாள்.

ஜேசிபி காலையில் வந்தது. கூடவே போலீஸ், ஓர் அதிகாரி. அந்த அதிகாரிக்கு மிஞ்சினால் முப்பது வயசிருக்கும். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"பெரியவரே, இது அரசு நிலம். அலைக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்துல குடியிருக்க அனுமதி கெடையாது. உங்க உயிருக்குத்தான் ஆபத்து."

"கடலுக்குள்ள போறவனுக்குக் கரையில இன்னாங்க ஆபத்து?"

"எடுத்துடுங்க. நாங்க எடுத்தா சாமானெல்லாம் வீணாப் போயிடும்."

பாண்டியன் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டான். போலீஸ்காரர்கள் இருவர் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அடிக்கவில்லை. திட்டவில்லை. ஒரு மூட்டையை இடம் மாற்றி வைப்பதுபோல வைத்தார்கள். ஜேசிபி டிரைவர் உள்ளூர்க்காரன்தான் போலிருக்கிறது. கீழே இறங்கி வந்து, "அக்கா, பானை சட்டி இருந்தா எடுத்துக்குங்க. அவசரமில்ல" என்றான். மகேஸ்வரி உள்ளே போய்ப் புதுசாக வாங்கிப் போட்டிருந்த கோரைப்பாயை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு இயந்திரம் ஒரே கையில் கொட்டகையை வாரி எடுத்தது. வேய்ந்தது எத்தனை நாள் பாடு. போனது கண்மூடித் திறப்பதற்குள்.

அன்றிலிருந்து பாண்டியன் பேச்சு குறைந்துபோயிற்று. கடலுக்குப் போவான், வருவான், சாப்பிடுவான்.

வளைகாப்பு சிதம்பரத்தில் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. மாப்பிள்ளை இளவரசு செல்போன் கடை வைத்திருப்பவன். புவனகிரிப் பக்கம் நிலபுலன் இருந்த குடும்பம். காலேஜில் பழகி, பிடிவாதம் பிடித்துத்தான் சத்யப்பிரியாவைக் கட்டினான். அவன் அம்மா அமராவதிக்கு மருமகள் மேல் குறையொன்றும் இல்லை. ஆனால் கடற்கரைச் சம்பந்தம் என்பதில் ஒரு தயக்கம் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை. சீர்த்தட்டுகளோடு மகேஸ்வரி படியேறியபோது வாயாரத்தான் வரவேற்றாள். சடங்கெல்லாம் முடிந்து, பெண்ணை அழைத்துப் போகும் நேரத்தில் மட்டும் மகேஸ்வரியைத் தனியே கூப்பிட்டாள்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. வீடு இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தாங்க இருக்கு. புதுசா தார்ப்பாய் மாத்தியிருக்கோம்" என்றாள் மகேஸ்வரி. சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிப்பட்ட பதில் என்று அவளுக்கே உறைத்தது. அமராவதி கூடத்துக்குத் திரும்பி வந்து மருமகள் தலையில் பூவைச் சரிசெய்தாள்.

மகள் வந்து சேர்ந்த பிறகு வீடு நிறைந்துபோனது. மகேஸ்வரி மீன் விற்கப் போவதைக்கூட நிறுத்திக்கொண்டாள். பாண்டியன் கொண்டுவந்த மீனில் நல்லதாகப் பார்த்து முதலில் வீட்டுக்கு எடுத்து வைத்தான். "அப்பா, சுறாப்புட்டு வேணும்" என்று மகள் கேட்ட அன்று, பால்சுறா தேடி முதுநகர் துறைமுகம் வரை போய் வாங்கிவந்தான். அவள் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலை உள்ளறையில் எங்கே போட்டால் மேலே விரிசல் இல்லை என்று தார்ப்பாயை விலக்கி அண்ணாந்து பார்த்துப் பார்த்து, மூலைக்கு மூலை நகர்த்தி, கடைசியில் சுவரோரம் போட்டார்கள்.

நண்பகல் நேரம். மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அடுப்படியிலிருந்து மகேஸ்வரி, "மோர் கலக்கி வெச்சிருக்கேன், வந்து குடிச்சிட்டுப் படு" என்று குரல் கொடுத்தாள். கையூன்றி எழுந்து சத்யப்பிரியா கூடத்துக்கு வந்திருப்பாள். உள்ளே பெருஞ்சத்தம் கேட்டது. தார்ப்பாய் கயிற்றோடு பிய்ந்து தொங்கியது. மேல்தளத்தில் பாதி, கம்பியோடு சேர்ந்து கட்டிலின் மேல் கிடந்தது. தலையணை இருந்த இடமே தெரியவில்லை. புகை மாதிரி சிமெண்ட் தூசி அறையை நிறைத்தது.

மகேஸ்வரி மகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. மகள் தலையில் படிந்த சிமெண்ட் தூசியை முந்தானையால் தட்டிவிட்டாள். 

சாயங்காலமே இளவரசு காரோடு வந்துவிட்டான். அவன் உள்ளறையை எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அமராவதி போனில் பேசினாள். திட்டுவாள் என்று மகேஸ்வரி எதிர்பார்த்தாள்.

"சம்பந்தி, புள்ள நல்லாருக்கா இல்ல? அது போதும். பிரசவம் இங்கயே பாத்துக்கலாம். நீங்க எப்ப வேணா வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள் அமராவதி.

வந்து பாத்துட்டுப் போங்க. மகேஸ்வரி அந்தச் சொல்லையே மனசில் வைத்துக்கொண்டு மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பாண்டியன் கடலிலிருந்து வந்தபோது கார் போய்விட்டிருந்தது. மகளுக்கென்று சிவப்புச் சேலைத்தலைப்பு மாதிரி பளபளக்கும் சங்கரா மீனைத் தனியே கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். வாசலில் நின்று விஷயத்தைக் கேட்டான். மீனைக் கீழே வைக்க இடம் தெரியாதவன்போல வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

அதற்குப் பிறகு ஊர்க்கூட்டம். மாரியம்மன் கோவில் மைதானத்தில் ஊரே கூடியது. தாண்டவராயன் நடுவில் நின்று பேசினார்.

"கூட்டத்துல சொன்னோம். கேட்டுக்கிட்டாங்க. வரைபடத்துல ஒரு கோடும் மாறல, முடிவாயிடுச்சுன்னு செய்தி வந்திடுச்சு. இன்னிக்குப் பாண்டியன் வூட்டுல கட்டில்ல வுழுந்தது. நாளைக்கு யார் வூட்டுல, யார் தலையிலன்னு தெரியாது. நான் உங்க யாரையும் போன்னு சொல்லல. ஆனா இருன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல."

"கடலவுட்டு அங்க போயி இன்னா பண்றது? வயக்காட்டுல வலை வீசறதா?" என்று ஒருவன் கேட்டான். தாண்டவராயன், அடுக்குமாடிக்கு மாறச் சம்மதம் என்று எழுதிய தாளை எடுத்து நடுவில் வைத்தார்.

ஒவ்வொருவராக எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்கள். பாண்டியன் மட்டும் வேப்பமரத்தடியை விட்டு அசையவில்லை. மகேஸ்வரி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"போட்டுடு மாமா."

"ஒருவாட்டி போட்டம் இல்ல மகேசு. அப்பவும் பத்திரம்னுதான சொன்னாங்க."

"அவ இனிமே ஒருநாளாவது நம்ம வூட்டுல வந்து தங்கணும். இங்க தங்க மாட்டா. தங்கவும் வுட மாட்டாங்க. போட்டுடு."

அவன் எழுந்து போய்ப் போட்டான்.

அடுக்குமாடியில் அவர்களுக்கு மூன்றாவது மாடி விழுந்தது. லிப்ட் வரவில்லை. சுற்றிலும் வயல், அதற்கு அப்பால் ரயில் பாதை. முதல் சில வாரம் குப்பத்து ஆண்கள் எல்லோருமே முதல் பஸ் பிடித்துக் கரைக்குப் போனார்கள். போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும். மற்ற ஊர்ப் போட்டெல்லாம் அதற்கு முன்னாலேயே உள்ளே போயிருக்கும். காற்று எப்போது திரும்பும், நீரோட்டம் எப்படி இருக்கிறது என்று படுத்த இடத்திலேயே அறிந்தவர்கள், இப்போது பஸ்ஸை விட்டு இறங்கித்தான் கடலின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. எஞ்சினைக் கரையில் விட்டுவர முடியாது, தூக்கிவரவும் முடியாது. வலையை மாடி வராந்தாவில் விரித்தால், நாற்றம் என்று கீழ்வீட்டு வெளியூர்க்காரர்கள் புகார் சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள். சிலர் கம்பெனிக்குக் காவலுக்குப் போனார்கள். சிலர் கேரளாவுக்கு வேறு யாரோ படகில் ஆளாகப் போனார்கள். பாண்டியன் மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தான்.

மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. மகேஸ்வரி சிதம்பரத்துக்குப் போய்ப் பார்த்தாள். பேத்தியைக் கையில் வாங்கினாள். அமராவதி குளிப்பாட்டினாள், மருந்து இழைத்தாள், சாம்பிராணி போட்டாள். எல்லாம் முறையாக நடந்தது. மகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"நான் அங்க வரேம்மா, கொஞ்ச நாளு போவட்டும்" என்றாள் சத்யப்பிரியா. "மூணு மாடி ஏறி எறங்க வேணாம்னு அத்த சொல்றாங்க. கைக்கொழந்த இல்ல."

"ஆமாம்மா. அவுங்க சொல்றது சரிதான். நீ உடம்பப் பாத்துக்க" என்றாள் மகேஸ்வரி. இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பாண்டியன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கும் கரைக்குப் போய்வந்திருந்தான். சட்டை நனைந்திருக்கவில்லை.

"கொழந்த யார் சாயலு?" என்று கேட்டான்.

"மூக்கு ஒன்னாட்டம். மத்தது அவுங்கப்பன்."

"எப்ப வருவாளாம்?"

மகேஸ்வரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "வருவா" என்றாள்.

அவன் தலையாட்டினான்.  பிறகு கரையின் கதையைச் சொன்னான்: நம்ம இடத்தில் கம்பிவேலி போட்டுவிட்டார்கள், போட்டையெல்லாம் வடக்கே தள்ளி வைக்கச் சொல்கிறார்கள், அங்கே கல் கொட்டியிருப்பதால் இழுக்க முடியவில்லை. யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான்.

மறுநாள் விடியும் முன்னே மகேஸ்வரி எழுந்து, வழக்கம்போல அவனுக்குப் பழைய சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு வைத்தாள். பக்கத்தில் வந்து பார்த்தாள். பாண்டியன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். கீழே ரோட்டில் முதல் பஸ் ஹாரன் அடித்தது, நின்றது, போயிற்று. அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுப்பவில்லை.